தின்ஃபிலிம் சோலார் பேனல் நல்லா இருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க? கண்ணுக்குத் தெரியாத 'ஜங்ஷன்' பற்றி ஒரு விளக்கம்

பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். அதை ஒட்டியுள்ள பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில், அமெரிக்காவைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 2024 ஜனவரி 11-ம் தேதி திறக்கப்பட்ட இந்த ஆலையின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள சோலார் பூங்காவின் திறன் 648 மெகாவாட். அதைப் போல ஐந்து பூங்காக்களுக்குத் தேவையான பேனல்களை ஒரே வருடத்தில் செய்யக்கூடிய ஆலை இது.

அம்பத்தூர், ஆவடி வீடுகளின் மொட்டை மாடியில் பார்க்கும் சிலிக்கான் பேனலும், இங்கே தயாராகும் பேனலும் ஒன்று இல்லை. இது 'கேட்மியம் டெல்லூரைடு' என்ற பொருளில் செய்யப்படும் தின்ஃபிலிம் பேனல். கண்ணாடி மேல் பூசிய சில மைக்ரான் தடிமன் படலம்தான் மின்சாரம் தயாரிக்கிறது. நம் தலைமுடியின் தடிமனில் அது சில சதவீதம்தான்.

இவ்வளவு மெல்லிய படலம் 25, 30 வருடம் உழைக்குமா? கண்ணாடி பளபளவென்று இருந்தாலும் உள்ளே பழுது இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கரன்ட் கொடுத்து, வெளிச்சம் கொடுத்து, அளந்து பார்ப்பதுதான். என்ன அளக்கிறார்கள், அந்த எண்களுக்கு என்ன அர்த்தம், மாடியில் பேனல் வைத்திருப்பவர்களுக்கு அதனால் என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜங்ஷன்னா என்ன?

பிளஸ் 2 இயற்பியலில் 'பி-என் சந்தி' படித்தது நினைவிருக்கலாம். அதுதான் ஜங்ஷன். எலக்ட்ரான் அதிகமாக உள்ள குறைக்கடத்தியும், எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள் (துளைகள்) அதிகமாக உள்ள குறைக்கடத்தியும் ஒட்டிக்கொள்ளும் இடம். அங்கே தானாகவே ஒரு மின்புலம் உருவாகும். சூரிய ஒளி பட்டு எலக்ட்ரான் விடுபட்டதும், இந்த மின்புலம் அதை ஒரு பக்கமும், துளையை எதிர்ப்பக்கமும் தள்ளிவிடும். அதனால்தான் கரன்ட் ஓடுகிறது.

எளிமையாகச் சொல்ல, வீட்டு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சூரிய ஒளிதான் மோட்டார். மேலே உள்ள டேங்கில் தண்ணீர் நிற்கும் உயரம்தான் வோல்டேஜ். ஜங்ஷன்தான் ஃபுட் வால்வு. ஏற்றிய தண்ணீர் திரும்ப கீழே இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஃபுட் வால்வு லீக் ஆனால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் டேங்க் நிறையாது. ஜங்ஷன் கெட்டுப்போன சோலார் செல்லிலும் இதுதான் நடக்கும்: வெயில் அடிக்கும், எலக்ட்ரான் உருவாகும், ஆனால் வெளியே வராமல் உள்ளேயே திரும்பிப் போய் துளையோடு சேர்ந்து வீணாகிவிடும்.

தின்ஃபிலிம் பேனலில் இது ஏன் பெரிய விஷயம்?

சிலிக்கான் பேனலில் முதலில் பளிங்குத் தகடு தயாராகும். அதை வெட்டி, செல்லாக மாற்றி, பிறகு கோர்ப்பார்கள். தின்ஃபிலிமில் அப்படி இல்லை. ஒரு முனையில் கண்ணாடி உள்ளே போகும். அதன் மேல் ஒளி ஊடுருவும் மின்கடத்திப் படலம், பிறகு மெல்லிய என்-வகைப் படலம், அதற்கு மேல் கேட்மியம் டெல்லூரைடு என்று அடுக்கடுக்காகப் படியும். பிறகு கேட்மியம் குளோரைடு சேர்த்து சுமார் 400 டிகிரி சூட்டில் பதப்படுத்துவார்கள். லேசரால் கோடு போட்டு 200-க்கும் மேற்பட்ட நீளமான செல்களாகப் பிரிப்பார்கள். கடைசியில் பின்பக்க உலோகமும் இன்னொரு கண்ணாடியும். எல்லாம் முடிய சில மணி நேரம்தான்.

இந்தப் படலம் ஒரே பளிங்காக இருக்காது. கோடிக்கணக்கான நுண்ணிய பளிங்குத் துகள்கள் ஒட்டி உருவானது அது. துகளும் துகளும் சேரும் ஓரங்களில் குறைகள் இருக்கும். கேட்மியம் குளோரைடு பதப்படுத்துதல் இந்த ஓரங்களைச் சரிசெய்யத்தான். அந்த ஒரு கட்டம் சரியாக அமையாவிட்டால் செல்லின் திறன் கடுமையாகச் சரியும். பார்வைக்கோ எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் அளவீடு முக்கியம்.

முதல் டெஸ்ட்: ஐ-வி கர்வ்

தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பேனலுக்கும் நடக்கும் சோதனை இது. பேனல் மேல் சூரிய ஒளிக்குச் சமமான ஃபிளாஷ் ஒன்றை சில மில்லி விநாடிகள் அடிப்பார்கள். ஒளியின் அளவு சதுர மீட்டருக்கு 1,000 வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரி. இதைத்தான் 'ஸ்டாண்டர்ட் டெஸ்ட் கண்டிஷன்' என்கிறார்கள். அந்த நேரத்துக்குள் வோல்டேஜை மாற்றிக்கொண்டே கரன்டை அளந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அதில் மூன்று எண்கள் முக்கியம்.

ஒன்று, ஓபன் சர்க்யூட் வோல்டேஜ். டேங்க் குழாயை முழுக்க மூடிவிட்டு மோட்டாரை ஓட விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஏற்றுவதும் வால்வில் கசிவதும் சமமாகும் வரை தண்ணீர் மட்டம் ஏறும். கசிவு குறைவாக இருந்தால் மட்டம் உயரமாக நிற்கும். எனவே இந்த எண்தான் ஜங்ஷனின் தரத்துக்கு நேரடி சாட்சி.

இரண்டு, ஷார்ட் சர்க்யூட் கரன்ட். குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது.

மூன்று, ஃபில் ஃபேக்டர். முழு வோல்டேஜும் முழு கரன்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. இரண்டையும் பெருக்கினால் வரும் அளவில் எத்தனை சதவீதத்தை உண்மையில் எடுக்க முடிகிறது என்பதுதான் இது.

ஒரு நிஜ உதாரணம். 2016-ல் ஃபர்ஸ்ட் சோலார் ஆய்வகத்தில் 22.1 சதவீத சாதனை படைத்த சிறிய செல்லில் வோல்டேஜ் 0.887. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு கரன்ட் 31.69 மில்லி ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 28.1 மில்லி வாட். ஃபில் ஃபேக்டர் 78.5 சதவீதம். அதையும் பெருக்கினால் சுமார் 22.1 மில்லி வாட். அதே சதுர சென்டிமீட்டரில் விழும் வெயில் 100 மில்லி வாட். ஆக, 22.1 சதவீதம்.

கோடு எங்கே வளைகிறதோ, அங்கே பழுது

நல்ல செல்லின் ஐ-வி கோடு மேஜை போல இருக்கும்: நேராகப் போய், ஓரத்தில் செங்குத்தாக இறங்கும். அந்த வடிவம் எங்கே கெட்டிருக்கிறது என்பதை வைத்தே பழுது எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மேஜையின் மேல்பகுதி சரிந்தால், உள்ளே கசிவு. படலத்தில் ஊசித்துளை இருக்கலாம், லேசர் கோடு சரியாக விழாமல் இருக்கலாம். டேங்கில் ஓட்டை விழுந்த கதை. இதற்குப் பெயர் ஷன்ட்.

இறங்கும் பகுதி செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தால், தொடர் மின்தடை அதிகம். போர் தண்ணீர் உப்பு படிந்து பைப் சுருங்கிப் போவது போல. தண்ணீர் இருக்கும், வேகமாக வராது.

மூன்றாவது, கேட்மியம் டெல்லூரைடில் அடிக்கடி பேசப்படும் பழுது: கோடு கடைசியில் செங்குத்தாகப் போகாமல் மடங்கிப் படுத்துவிடும். இதை 'ரோல் ஓவர்' என்கிறார்கள். பின்பக்க உலோகமும் கேட்மியம் டெல்லூரைடும் சேரும் இடத்தில், எதிர்த்திசையில் இன்னொரு ஜங்ஷன் உருவாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே போகும் பைப்பில் யாரோ ஒரு வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்ட மாதிரி. செல்லைக் குளிர வைத்து அளந்தால் இந்த மடிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால் ஆய்வகங்களில் பல வெப்பநிலைகளில் அளக்கிறார்கள்.

இருட்டில் ஏன் அளக்கிறாங்க?

சோலார் செல்லை இருட்டிலும் சோதிக்கிறார்கள். வெளியில் இருந்து வோல்டேஜ் கொடுத்து, வால்வு வழியாக எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதற்காக.

அறை வெப்பநிலையில், ஒரு நல்ல ஜங்ஷனில் வோல்டேஜை சுமார் 60 மில்லி வோல்ட் கூட்டினால் கரன்ட் 10 மடங்காகும். இதற்கு 'ஐடியாலிட்டி ஃபேக்டர் 1' என்று பெயர். அதே 10 மடங்குக்கு 120 மில்லி வோல்ட் தேவைப்பட்டால் ஃபேக்டர் 2. அப்படியானால் ஜங்ஷனின் நடுப்பகுதியிலேயே எலக்ட்ரானும் துளையும் சந்தித்து வீணாகின்றன. தின்ஃபிலிம் செல்களில் பொதுவாக 1-க்கும் 2-க்கும் நடுவில் வரும். 2-ஐத் தாண்டினால் வேறு ஏதோ கோளாறு, பின்பக்க இணைப்பையும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

இருட்டில் கரன்ட் கொடுத்தால் செல் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் மினுங்கும். அதைத் தனி கேமராவில் படம் எடுத்தால், கசிவு உள்ள இடம் கருப்பாகத் தெரியும். மனிதர்களுக்கு எக்ஸ்ரே மாதிரி, பேனலுக்கு இது.

இரண்டாவது டெஸ்ட்: சி-வி

ஐ-வி கர்வ் வைத்து 'பழுது இருக்கு' என்று சொல்லலாம். படலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அடுத்த கட்டம் சி-வி, அதாவது கெபாசிட்டன்ஸ்-வோல்டேஜ் சோதனை.

ஜங்ஷனின் நடுவில் எலக்ட்ரானும் துளையும் இல்லாத ஒரு பட்டை இருக்கும். பாடப்புத்தகத்தில் 'இயக்கமில்லாப் பகுதி' என்று வரும். இது மின்தேக்கி போல நடந்துகொள்ளும். ஜங்ஷனுக்கு எதிர்த்திசையில் வோல்டேஜ் கூட்டினால் பட்டை அகலமாகும், கெபாசிட்டன்ஸ் குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்து, படலத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை துளைகள் உள்ளன என்று கணக்கிடலாம்.

வழக்கமாகக் காப்பர் சேர்த்துச் செய்யும் கேட்மியம் டெல்லூரைடில் இந்த எண்ணிக்கை சுமார் 100 லட்சம் கோடி. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், அணுக்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 30 கோடி அணுக்களுக்கு ஒரு துளைதான். இந்தக் கணக்கில் அந்தப் பட்டையின் அகலம் சுமார் 3 மைக்ரான் வரும், அதாவது கிட்டத்தட்ட முழுப் படலமும். துளைகள் இவ்வளவு குறைவாக இருப்பதும் வோல்டேஜ் உயராததற்கு ஒரு காரணம்.

இன்னும் ஆழமாகப் போக, 1974-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டி.வி. லாங் என்பவர் அறிமுகப்படுத்திய 'டிஎல்டிஎஸ்' முறை இருக்கிறது. மழைக்குப் பிறகு சி.டி.எச். ரோட்டில் பள்ளம் விழுவது போல, படலத்துக்குள் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் பள்ளங்கள் இருக்கும். ஒரு மின்துடிப்பு கொடுத்து அந்தப் பள்ளங்களை நிரப்பிவிட்டு, பிறகு அவை எவ்வளவு நேரத்தில் காலியாகின்றன என்பதை கெபாசிட்டன்ஸ் மாற்றத்தில் இருந்து கண்டுபிடிக்கிறார்கள். வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்தால் பள்ளத்தின் ஆழமும் எண்ணிக்கையும் தெரிந்துவிடும்.

காப்பர்: நண்பனா, எதிரியா?

இந்த அளவீடுகள் ஒரு தொழிலையே எப்படி மாற்றின என்பதற்கு காப்பர் கதை நல்ல உதாரணம்.

கேட்மியம் டெல்லூரைடோடு எந்த உலோகத்தை வைத்தாலும் இணைப்பு சுலபத்தில் சரியாக அமையாது. முன்பு பார்த்த தலைகீழ் வால்வு உருவாகிவிடும். பின்பக்கத்தில் கொஞ்சம் காப்பர் சேர்த்தால் பிரச்சினை குறையும், துளைகளும் கொஞ்சம் கூடும். அதனால் பல வருடங்களாக காப்பர்தான் வழி.

ஆனால் காப்பர் ஒரு இடத்தில் நிற்காது. வெயிலிலும் சூட்டிலும் துகள் ஓரங்கள் வழியாக நகர்ந்து ஜங்ஷன் வரை வந்துவிடும். அங்கே வந்தால் அதுவே பள்ளமாகிவிடும். செல்களைச் சூட்டில் வைத்து, ஐ-வி, சி-வி சோதனைகளைத் திரும்பத் திரும்ப எடுத்தபோது இந்தச் சரிவு எண்களாகத் தெரிந்தது.

அதற்கு மாற்றாகத்தான் ஆர்சனிக் போன்ற தனிமங்களைச் சேர்க்கும் முறைக்கு ஆய்வுகள் திரும்பின. இவை காப்பர் அளவுக்கு நகராது. துளைகளும் 100 மடங்கு வரை கூடும், அதாவது சுமார் 30 லட்சம் அணுக்களுக்கு ஒன்று. 2016-ல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று பாஸ்பரஸ் சேர்த்த கேட்மியம் டெல்லூரைடு ஒற்றைப் பளிங்கில் 1 வோல்ட்டைத் தாண்டியது. இந்தப் பொருளால் முடியுமா என்று வருடக்கணக்காகக் கேட்ட கேள்விக்கு அது பதில். இப்போது ஆய்வக செல்களின் சாதனை 23.1 சதவீதம். கோட்பாட்டு எல்லை 30 சதவீதத்துக்கு மேல். நடுவில் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி, ஜங்ஷனில் தொலைந்துபோகும் வோல்டேஜ்தான்.

டெஸ்ட்டில் பாஸ் ஆனா போதுமா?

இல்லை. தின்ஃபிலிம் பேனலில் ஒரு சிக்கல் உண்டு. இருட்டில் கிடந்த பேனலை அளந்தால் ஒரு எண், வெயிலில் சில மணி நேரம் வைத்துவிட்டு அளந்தால் வேறு எண் வரும். உள்ளே உள்ள பள்ளங்கள் ஒளி பட்டதும் நிலை மாறுவதால் இப்படி. அதனால்தான் 61215 என்ற சர்வதேச தரத்தில் கேட்மியம் டெல்லூரைடுக்கு மட்டும் தனிப் பகுதியே இருக்கிறது. முதலில் பேனலை நிலைப்படுத்த வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும்.

முதல் நாள் ஃபிளாஷ் டெஸ்ட் நாளைய கதையை முழுக்கச் சொல்லாது என்பதற்கும் உதாரணம் உண்டு. தொடக்கத்தில் தயாரித்த 'சீரிஸ் 7' வகைப் பேனல்கள் சிலவற்றில், உற்பத்திக் குறைகளால் எதிர்பார்த்ததை விட சீக்கிரமே பவர் குறையலாம் என்று ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனமே 2024-ல் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது. பல வருட அனுபவம் உள்ள நிறுவனத்துக்கும் இது நடக்கும் என்றால், வாரன்டி தாளும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம்.

நம்ம ஊர் வெயிலுக்கு எப்படி?

ரிப்போர்ட்டில் உள்ள வாட் கணக்கு 25 டிகிரிக்கானது. மே மாத மதியம் ஆவடியில் மாடி மேல் உள்ள பேனல் 60, 65 டிகிரி வரை சூடாகலாம். சூடு ஏறினால் ஜங்ஷனில் கசிவு கூடும், வோல்டேஜ் இறங்கும். கேட்மியம் டெல்லூரைடில் ஒரு டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம் பவர் குறையும். பரவலாக உள்ள சிலிக்கான் பேனல்களில் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம். 40 டிகிரி கூடுதல் என்றால் முன்னதில் 12 சதவீதம், பின்னதில் 14 முதல் 16 சதவீதம் இழப்பு. சூடான ஊர்களில் பெரிய சோலார் பூங்கா அமைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள்.

வீட்டு மாடியில் பேனல் இருக்கா? இதைக் கவனிங்க

தின்ஃபிலிம் பேனல்கள் பெரும்பாலும் பெரிய சோலார் பூங்காக்களுக்குப் போகின்றன. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான். ஆனால் இரண்டிலும் இருப்பது ஜங்ஷன்தான், ஐ-வி கர்வ் படிக்கும் முறையும் ஒன்றுதான். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வாங்கிப் போடுபவர்கள், மீதிப் பணத்தைத் தங்கள் கையில் இருந்துதான் போடுகிறார்கள். எனவே:

• ஒவ்வொரு பேனலின் சீரியல் நம்பருக்கும் உரிய ஃபிளாஷ் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஓபன் சர்க்யூட் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் கரன்ட், ஃபில் ஃபேக்டர் அல்லது அதிகபட்ச பவர் அதில் இருக்கும். வாரன்டி தாளோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

• உற்பத்தி குறைந்தால் முதலில் பேனலைக் கழுவுங்கள், நிழல் விழுகிறதா பாருங்கள். பாதிப் புகார்கள் தூசியிலேயே தீரலாம்.

• பிறகும் குறைவு என்றால், இன்வெர்ட்டர் ஆப்பில் எந்த நேரத்தில் குறைகிறது என்று பாருங்கள். காலை, மாலை, மேகமூட்டத்தில் மட்டும் ரொம்பக் குறைந்தால் கசிவு (ஷன்ட்) இருக்கலாம். கசிவு எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், வரத்து குறைவான நேரத்தில்தான் அது பெரிதாகத் தெரியும். உச்சி வெயிலில் மட்டும் குறைந்தால் மின்தடை, அதாவது இணைப்பு லூஸ், துரு போன்றவற்றைச் சந்தேகிக்கலாம்.

• கனெக்டரை நீங்களே கழற்ற வேண்டாம். ஒரு தின்ஃபிலிம் பேனலிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பல பேனல்கள் கோர்த்தால் இன்னும் அதிகம். வெயில் இருக்கும் வரை அதை ஆஃப் செய்ய முடியாது. 'ஐ-வி கர்வ் டிரேசர்' கருவி வைத்திருக்கும் டெக்னீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கேட்மியம் ஆபத்து இல்லையா?

கேட்மியம் தனியாக நச்சு உலோகம்தான். பேனலில் இருப்பது டெல்லூரியத்தோடு சேர்ந்த, தண்ணீரில் எளிதில் கரையாத சேர்மம். அதுவும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. ஆனாலும் உடைந்த பேனலைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனல்களும் சேர்க்கப்பட்டுள்ளன. பிள்ளைப்பாக்கம் ஆலையில் பேனல் மறுசுழற்சி வசதியும் உண்டு.

படிக்கிற பசங்களுக்கு

மேற்குப் புறநகரில் பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் படிக்கும் மாணவர்களுக்கு இது பக்கத்திலேயே இருக்கும் தொழில். பிள்ளைப்பாக்கம் ஆலை தொடங்கியபோது சுமார் 1,000 பேருக்கு நேரடி வேலை என்று அறிவிக்கப்பட்டது. பெரிய கருவி இல்லாமலே பழகிப் பார்க்கலாம். ஒரு சின்ன சோலார் செல், ஒரு மாறுமின்தடை, இரண்டு மல்டிமீட்டர் போதும். மின்தடையை மாற்றிக்கொண்டே வோல்டேஜையும் கரன்டையும் குறித்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் ஐ-வி கர்வ் வந்துவிடும். அதே செல்லைச் சூடாக்கி ஒருமுறை, பாதி நிழலில் ஒருமுறை அளந்து பாருங்கள். கோடு எங்கே சரிகிறது, ஏன் சரிகிறது என்று சொல்லத் தெரிந்தால், ஒரு பேனலின் ரிப்போர்ட்டைப் படிக்க நீங்கள் தயார்.